எட்டுக் கமராக்களின் மூன்று நாள்

ஒரு வருடமாகக் கேட்டும் கிடைக்காத சாட்சியம், விசாரணைக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வந்து சேர்ந்தது. பள்ளிவாசல்துறை இறங்குதுறையின் எட்டுக் கமராக்கள், மூன்று நாள். நஸ்ஹா பெருக்கிப் பார்த்தாள்: ஐந்நூற்று எழுபத்தாறு மணித்தியாலம்.

வசதியில்லாதவர்களுக்காக அரச செலவில் வாதாடும் சட்டத்தரணி அவள். அலுமாரியில் இன்னும் நாற்பத்திரண்டு கோப்புகள் கிடந்தன.

முந்தல் பக்கத்து மீன்வாடியொன்றில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை வள்ள எஞ்சின் களவு போனது. அடிபட்ட காவலாளி றொபின்சனைக் கைகாட்டினான். அந்நேரம் பள்ளிவாசல்துறையில் மீன் இறக்கியதாக றொபின்சன் சொன்னான். பிணையில் வந்தவன், கடலில் நின்று ஒரு வழக்குத் தவணையைத் தவறவிட்டான். அதிலிருந்து பதினான்கு மாதம் விளக்கமறியல் சிறை.

கமராவில் நேரமும் சரியில்லை. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் இரண்டாயிரமாம் ஆண்டிலிருந்து தொடங்கியிருந்தது. எது சனிக்கிழமை என்றே தெரியவில்லை.

றொபின்சனின் மனைவி மார்த்தா தினமும் கந்தோருக்கு வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் திரையில் விரலை வைத்தாள்.

“இது வெள்ளி, மிஸ்.”

“எப்படி அக்கா?”

“உங்கட ஆக்கள்ர வள்ளமெல்லாம் கரையில கிடக்கு. ஜும்ஆ. இன்னொரு நாளில எங்கட ஆக்கள்ர வள்ளம் கிடக்கும், அது ஞாயிறு. நடுவில கிடக்கிறதுதான் சனி.”

“நான் சட்டம் படிக்க நாலு வருஷம் போச்சுது. இது தெரியல்லயே!”

ஒன்பதாம் நாள், சனி விடியலில், மீன் கூடையோடு ஒரு முதுகு தெரிந்தது. மார்த்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“முகம் தெரியல்லயே அக்கா?”

“அந்த முதுகைப் படிக்க எனக்குப் பதினெட்டு வருஷம், மிஸ்.”

அந்த ஒன்பது நாளும் மற்றக் கோப்புகளின் கட்டை நஸ்ஹா அவிழ்க்கவேயில்லை.

நீதிமன்றத்தில் நஸ்ஹா படத்தைக் காட்டியதும் அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். “படத்தின்படி இது இரண்டாயிரமாம் ஆண்டு. அப்போது எதிரி றொபின்சனுக்குப் பதினைந்து வயது.” பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கமராவின் நேரம் பற்றி நிபுணர் அறிக்கை வேண்டும் என்றார் நீதிபதி. தவணை ஏழு மாதம் தள்ளிப்போனது. வராமல் போனவனுக்கு மறுபடி பிணை இல்லை.

இடைவேளையில் அரச தரப்பு தணிந்த குரலில் ஒரு வழி சொன்னது: குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறையில் கழித்த நாளே போதும், இன்றே வீடு.

கூண்டருகே போய் நஸ்ஹா அதைச் சொன்னாள். “ஒப்புக்கொள்ளாதீங்க. நீங்க செய்யல்ல. நம்மட்ட படம் இருக்கு.”

“படம் இருக்கு, மிஸ். நான் உள்ளுக்க இருக்கன்.”

மறுபடி கூப்பிட்டபோது அவன், தான் குற்றவாளி என்றான். இரண்டாம் தடவை கேட்டார்கள், சத்தமாகச் சொன்னான். மார்த்தா எழுந்து நின்றாள். “ஐயா, நான் கண்டனான்!” பொலிஸ்காரர் அவளைக் கையமர்த்தி உட்கார வைத்தார்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். எலுவன்குளத்து முதியவர் யோகராசா. நஸ்ஹா எழுந்து, கோப்பு வாசிக்கவில்லை என்று சொல்லாமல், தவணை கேட்டாள். நான்கு மாதம் கிடைத்தது.

இறங்கிப் போகையில் முதியவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, என்ர வழக்கைக் கதைச்சாச்சோ?”

“ஓம் ஐயா,” என்றாள்.