நனைந்த மருந்து

11.7.1989, செவ்வாய்.
நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. ‘நாளை அண்ணன் வருகிறான்’ என்று எழுதிவிட்டேன். ‘அண்ணனின் உடல் வருகிறது’ என்று இருக்க வேண்டும். அடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். அது சரியா, தெரியவில்லை.

மாலை வகுப்பில் டைப்ரைட்டிங் படிக்கும் ஜெயக்கொடி, அந்த நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகுவதற்குள் ராணுவ லாரி தெருவுக்குள் நுழைந்துவிட்டது.

பெட்டி வாசலில் நுழையவில்லை. சாய்த்தார்கள். உள்ளே என்னவோ சரிந்துபோய்ப் பலகையில் இடித்தது.

“மெல்ல… ஏலே, மெல்ல!” அம்மா ஆவுடையம்மாள் கத்தினாள், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலோடு தூக்குகிறவர்களிடம் கத்துவதுபோல.

யாழ்ப்பாணத்திலிருந்து கூடவே வந்த ஹவில்தார் ராஜரத்தினம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“தொறங்கய்யா. எம்புள்ள தவசிமுத்து மொகத்த மட்டும் பாத்துக்கிடுதேன்.”

“வேண்டாம்மா.”

“பெத்தவ பாக்காம?”

“கண்ணிவெடிம்மா.” அவர் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

அம்மா அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். அம்மிக்குழவியோடு வந்தாள். முதல் அடியில் மூடியின் விளிம்பு பிளந்தது. அடுத்த அடி அவள் விரலிலேயே விழுந்தது. நகம் பெயர்ந்து, மேலே போர்த்தியிருந்த தேசியக் கொடியில் ரத்தம் சொட்டியது. மூன்று பெண்கள் சேர்ந்து அவளைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்துதான் குழவியைப் பிடுங்க முடிந்தது. ஜெயக்கொடி பகலில் ராஜபாளையம் பக்கம் தறிகளில் பேண்டேஜ் துணி மடிக்கிறவள். வீட்டில் கிடந்த கழிவுத் துண்டை எடுத்து அம்மாவின் விரலைச் சுற்றினாள். சுற்றச் சுற்ற ஊறிக்கொண்டே இருந்தது.

வெளியே தாய்மாமன் வேல்சாமியின் குரல் கேட்டது.

எதிர்ச் சுவரில் ‘அமைதிப்படையே, திரும்பி வா’ என்று பக்கத்து வீட்டு ஐயாதுரை கரியால் எழுதி ஒரு மாதமாகிறது. மாமன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார்.

“திரும்பி வான்னு எழுதுனேல்லா? வந்துட்டாம்லே! உள்ள போயிப் பாரு!”

“அன்னைக்கே கூப்பிட்டிருந்தா நடந்து வந்திருப்பான், மாமா. அந்த நாட்டுக்காரனே போங்க போங்கங்கான். அங்க நமக்கு என்ன சோலி?”

“பாதியில வந்தா, அம்புட்டுப் பேரும் எதுக்குலே செத்தான்?”

“செத்ததுக்குக் கணக்குக் காட்ட இன்னும் நாலு பேரு சாகணுமாக்கும்?”

மாமன் குத்தினார். மூக்கு உடைந்து ஐயாதுரை சுவரோடு சரிந்தான். விழுந்தவனை மிதித்தார். நாலு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. ஜெயக்கொடி அவன் வீட்டு வாளியிலேயே தண்ணீர் மொண்டு வந்து அவன் முகத்தைக் கழுவினாள்.

“விடு தங்கச்சி,” என்றான் ஐயாதுரை, ரத்தத்தைத் துப்பிக்கொண்டு. “அவுக யாரத்தான் அடிப்பாக.”

தெருமுனையில் மகாராஜபுரத்து வேட்டுக்காரர் சோணைமுத்து மூன்று இரும்புக் குழாய்களை நட்டு, வெடிமருந்து கொட்டி, கம்பியால் இடித்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி கையில் வாளியோடு மாமனிடம் போனாள்.

“மாமா, வேட்டு வேண்டாம்.”

“எதுக்கு வேண்டாம்? எம்மருமகன் போறது மதுரைக்குக் கேக்கணும்!”

போன வருஷம் ஆடித் தேரன்று, அண்ணன் லீவில் வந்திருந்தான். வடம் பிடிக்கிற நேரத்தில் கோயில் பக்கம் அதிர்வேட்டு போட்டார்கள். பேசிக்கொண்டிருந்தவன் அவள் பிடரியைப் பிடித்துத் தரையில் அறைந்து, மேலே விழுந்து அழுத்திக்கொண்டான். “அசையாதட்டி, அசையாத,” என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். அவளுடைய முன்பல் பாதி உடைந்தது. எழுந்ததும் அவன்தான் அழுதான். குழாயடியில் வழுக்கி விழுந்ததாக அம்மாவிடம் சொன்னாள். பட்டாளத்தான் வேட்டுக்குப் பயந்தான் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்ல?

பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் ராஜரத்தினம் தாங்கினார். தெருமுனைவரை பெண்களும் போனார்கள். சோணைமுத்து முதல் குழாயில் தீயை வைத்தார்.

தெரு அதிர்ந்தது. ஓடுகளிலிருந்து புறாக்கள் கலைந்தன. புகை விலகியபோது ராஜரத்தினம் சாக்கடை ஓரத்தில் குப்புறக் கிடந்தார். இரண்டு கைகளும் பிடரியைப் பொத்தியிருந்தன. முன்பக்கம் தரையில் மோதிய பெட்டிக்குள், மறுபடி அந்தச் சரிவுச் சத்தம்.

“என்னலே, பட்டாளத்தாருக்கே வேட்டுக்குப் பயமா?” யாரோ சிரித்தான்.

சோணைமுத்து இரண்டாவது குழாய்க்குக் குனிவதற்குள் ஜெயக்கொடி வாளியோடு ஓடினாள். மிச்சமிருந்த செந்நிறத் தண்ணீரை இரண்டு குழாயிலும் கவிழ்த்தாள்.

“சிறுக்கி! சாவுக்கு மரியாதை தெரியுமாட்டி ஒனக்கு?” மாமன் கீழே கிடந்த ஒரு கம்பை எடுத்து ஓங்கினார். முதல் அடி தோளில். அடுத்தது வாயில். அவள் வாளியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “என்னட்டி செஞ்ச?”

“அண்ணனுக்கு ஆகாதும்மா.”

ரத்தத்துக்கு நடுவில் அந்தப் பாதிப் பல் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு, இன்னும் எழுந்திருக்காத ராஜரத்தினத்தைப் பார்த்தாள். மறுபடியும் பல்லைப் பார்த்தாள்.

“வேல்சாமி, கம்பக் கீழ போடு.”

“அக்கா, ஊரு என்ன சொல்லும்?”

“போடுலே. தூக்குங்க.”

ராஜரத்தினம் எழுந்து, யாரையும் பார்க்காமல், பழைய இடத்திலேயே தோள் கொடுத்தார். மூக்கில் துணியை அழுத்தியபடி ஐயாதுரை பின்னால் ஒரு மூலையைப் பிடித்தான். மாமன் கம்பைப் போட்டுவிட்டு விலகி வழி விட்டார்.

பெண்கள் தெருமுனையில் நின்றுவிட்டார்கள். செருப்புகள் தேய்கிற சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது. மற்றவர்கள் திரும்பிய பிறகும் அம்மா காதைச் சாய்த்து நின்றாள். சுடுகாட்டுப் பக்கமிருந்து எதுவும் கேட்கவில்லை. துணி சுற்றிய விரலால் மகளின் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஜெயக்கொடி நோட்டை எடுத்தாள். காலையில் எழுதிய பக்கத்திலேயே இடம் இருந்தது.

நாளை காலை பால் ஊற்றப் போகிறவர்களுக்குச் செம்பு விளக்கி வைக்க வேண்டும். வாளியைக் கழுவி ஐயாதுரை அண்ணன் வீட்டில் கொடுக்க வேண்டும்.