பத்து மணிப் பரிசோதனை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, மறைப்பானேன். நேற்று ஒரு மருத்துவர் என்னிடம், "உங்க அண்ணன் மனசு தெளிவா இல்ல. அவர் எழுதிக் கேட்டதை நாங்க எடுத்துக்க முடியாது. முடிவை நீங்கதான் சொல்லணும்" என்றார். சொன்ன கையோடு சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மனிதரைக் கிழி கிழியென்று கிழிக்கத்தான் நோட்டைத் திறந்தேன்.

முதல் வரி: [மருத்துவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஈரமே

அடித்துவிட்டேன். அவர் சிரிக்கவே இல்லை.

2

விஷயம் இதுதான். என் அண்ணன் முப்பது வருடம் தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தவன். நுரையீரல் இரண்டும் இறுகிப்போய்விட்டன. பத்தொன்பது நாளாக வாயில் குழாய். மூச்சு இயந்திரத்தின் தயவு. இனித் தேறாது என்கிறார்கள். குழாயை எடுத்தால் ஒரு நாள் தாங்குவதே சந்தேகம். தொண்டையில் துளை போட்டு, அதன் வழியே மூச்சைக் கொடுத்தால் மாதக்கணக்கில் இருப்பான், அதே கட்டிலில்.

முந்தாநாள் மயக்க மருந்தைக் குறைத்ததும் கண் விழித்தான். பலகையும் பேனாவும் கொடுத்தோம். கோணல்மாணலாக எழுதினான்: "வாயாடி, குழாயை எடுக்கச் சொல்லு. தெரிஞ்சுதான் சொல்றேன்."

வாயாடி நான்தான்.

யாரும் எடுக்கவில்லை. அவனே பிடுங்கப் பார்த்தான். இரண்டு கைகளையும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டினார்கள். பலகையையும் எடுத்து வைத்துவிட்டார்கள்.

3

மனம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை உண்டு. மருத்துவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். 'அ' வரும்போதெல்லாம் நோயாளி அவர் கையை அழுத்த வேண்டும். மொத்தம் பத்து எழுத்து. இரண்டுக்கு மேல் தப்பினால் குழப்பம்.* அண்ணன் ஐந்து தப்பினான்.

(* பரிசோதனையை நான் குறை சொல்லவில்லை. குழம்பிப்போன ஒருவன் கேட்டான் என்று குழாயை எடுத்தால் அது கொலைக்குச் சமம். தெளிவாக இருப்பவன் கேட்டும் எடுக்காவிட்டால் அது எதற்குச் சமம்? அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.)

இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது: [மனிதனை வெறும் எண்ணாகப் பார்க்கும் மருத்துவ உலகமே, உனக்கு

வெறும் மேடைப்பேச்சு. தூக்கிப் போட்டாயிற்று.

4

மருத்துவரைக் கெட்டவராக்க மூன்று தடவை முயன்றேன், சரிப்பட்டு வரவில்லை. மனிதர் முகக்கவசத்தோடு குனிந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் பொறுமையாகக் காத்திருந்தார். அண்ணன் அந்தக் கவசத்தையே உற்றுப் பார்த்தான். பின்னால் உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாமல், மருத்துவர் முதலில் அழுத்திக் காட்டியதை வைத்துக் குத்துமதிப்பாக அழுத்தினான்.

அவனுக்குக் காது கேட்காது. பட்டறைச் சத்தம் தின்றுவிட்டது. காதில் மாட்டும் மெஷின்கள் இரண்டும் என் கைப்பையில் இருக்கின்றன. ஆம்புலன்சில் நானே கழற்றிப் போட்டேன். அப்புறம் இருந்த பதற்றத்தில் மறந்தேபோனேன். சத்தியமாக மறதிதான்.

நேற்று மூன்றாவது எழுத்திலேயே ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு மேல் நடந்தது மறதி இல்லை.

அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே காதைத் தலையணையில் தேய்த்தான். கட்டிலருகே நின்ற சிஸ்டர் கவனித்துவிட்டு, "காது வலிக்குதா அவருக்கு?" என்று கேட்டார்.

"இல்ல சிஸ்டர், அரிப்பு. எப்பவும் அப்படித்தான்" என்றேன்.

அந்தப் பெண் பஞ்சை நனைத்து அவன் காதைப் பதமாகத் துடைத்துவிட்டார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

இப்போது தெரிகிறதா, யாரைக் கிழிக்க வேண்டும் என்று? ச்சீ, என்ன பிறவி நான்! அவன் மேலும்தான் கோபம். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பவன் அவன் ஒருத்தன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பப் பார்க்கிறான். அதற்காக, கட்டிப்போட்டு மூச்சு விட வைப்பேனா?

வைத்துக்கொண்டிருக்கிறேனே.

5

இன்று பத்து மணிக்கு இன்னொரு பரிசோதனை. தேறாவிட்டால், என் கையெழுத்தின்படி மதியம் தொண்டையில் துளை. மெஷின்களுக்குக் காலையில் புது பேட்டரி போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்காதீர்கள்.

முடிவு ஒன்று: மாட்டுகிறேன். ஒரு தப்பும் இல்லாமல் அழுத்துகிறான். குழாயை எடுக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் [

முடிவு இரண்டு: மாட்டவில்லை. துளை போடுகிறார்கள். அடுத்த மாதமும் உயிரோடு இருக்கிறான். பட்டையை அவிழ்த்த அன்று முதல் வேலையாகப் பலகையைக் கேட்டு வாங்கி [

முடிவு மூன்று: சிஸ்டர் தானாகவே கண்டுபிடித்துவிடுகிறார். அடடா, என்ன வசதி! யார் தலையிலும் பழி விழாது. உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கிறது. அதனாலேயே எழுத மாட்டேன்.

6

சிஸ்டர் கதவைத் திறந்து கூப்பிடுகிறார். மருத்துவர் கட்டிலருகே போய்விட்டாராம்.

இவ்வளவு நேரம் சௌகரியமாக உட்கார்ந்து, இவளெல்லாம் ஒரு தங்கையா என்று நினைத்தீர்கள் அல்லவா? எழுந்திருங்கள். உள்ளே நீங்கள் போங்கள். இந்தாருங்கள் மெஷின்கள், சிவப்புப் புள்ளி வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. மாட்டினால், அவன் போகும்வரை பக்கத்தில் நில்லுங்கள். மாட்டாவிட்டால், நாளையிலிருந்து தினமும் நீங்கள்தான் வந்து அவன் முகத்தில் விழிக்க வேண்டும்.