பினாங்குக் கப்பலும் தணிகை மொட்டையும்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான் கிறிஸ்தவன். ஆணையிடவே கூடாது என்று வேதம் சொல்லியிருப்பதால், என் சிநேகிதன் ஆதிகேசவனின் சாமியான தணிகை முருகன்மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். ஜெபதுரை பொய் சொல்கிறான் என்று திருத்தணியில் யாராவது சொன்னால் அவர்கள் தெருப்பக்கம் நான் போகமாட்டேன். அப்படிப் போகாத தெருக்கள் ஏற்கெனவே சில உண்டு.

ஆதிகேசவனுக்குப் பினாங்கில் சரக்குக் கிடங்கு வேலை. தாயாரின் காரியத்துக்காகத் தனியாக ஊருக்கு வந்தான். அவன் பின்னாலேயே ஜப்பான்காரன் வந்து கடலை மூடிவிட்டான். பெண்டாட்டி பாஞ்சாலி அங்கே, இவன் இங்கே. இப்படியே ஆறு வருஷம். யுத்தம் முடிந்து 1947 பிறந்ததும், ஊர் திரும்பிய ஒருவரிடம் அவள் சொல்லியனுப்பினாள்: "மாசி மாசக் கப்பலுக்கு வந்து நிப்பேன். எறங்கினா புருசன். எறங்கலேன்னா இன்னொரு கப்பலுக்கு நான் வரமாட்டேன்."

டிக்கெட் வாங்க இருவரும் சென்னைக்குப் போனோம். கப்பல் ஏஜெண்டின் குமாஸ்தா காகிதங்களை வரிசையாகக் கேட்டார்.

"பாஸ்போர்ட் எங்கே? மலாயாவுக்குள்ள உடறதுக்குப் பெர்மிட்டு? அம்மை குத்தின சர்டிபிகேட்டு?"

"போன தபா டிக்கெட்டு மட்டுந்தானே கேட்டீங்க?"

"அது யுத்தத்துக்கு முன்னே."

"எம் பெண்டாட்டியப் பாக்கறதுக்குக் கவர்மெண்டு எதுக்கு சார் சம்மதிக்கணும்?"

"கண்ணாலத்துக்கு மாமனாரு சம்மதம் கேட்டே இல்ல? இதுக்கு ரெண்டு மாமனாருய்யா. இங்க ஒருத்தரு, அங்க ஒருத்தரு."

அரக்கோணத்தில் போட்டோ பிடித்தோம். சுருட்டை முடி நெற்றியில் புரள, ஜமீன்தார்போல முறைத்தபடி இருந்தான். விண்ணப்பம் போட்ட அன்று, பாஸ்போர்ட் வந்தால் மொட்டை போடுவதாக ஆதிகேசவன் முருகனிடம் வேண்டிக்கொண்டான். என் பங்குக்கு நானும் ஜெபித்தேன். பாஸ்போர்ட் வந்தது. யார் அனுப்பியது என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு.

கப்பலுக்கு முந்தின நாள் மலையடிவாரத்தில் நின்றிருந்தேன். சந்தனம் பூசிய ஒரு மொட்டைத்தலை படியிறங்கி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. மீசையும் இல்லை. ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன்.

"அடப்பாவி, இன்னாடா பண்ணிட்டு வந்துகினு கீறே?"

"வேண்டுதல் பா. சாமி கடனை வச்சிக்கினு கடல் தாண்டக் கூடாது."

"பாஸ்போர்ட்டுல கீற ஆளு எங்கேடா?"

அவன் போட்டோவைப் பார்த்தான். தலையைத் தடவினான். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுபடி மேலே ஓடினோம். முடியிறக்கும் கொட்டகையில் ஆளுயரக் குவியல். நாவிதர் பங்காரு கத்தியைத் தீட்டிக்கொண்டே, "உன்னுது எதுன்னு கேட்டா நான் எங்கே போவேன் நைனா? அள்ளிக்கினு போ. எல்லாம் சாமிமுடிதான்" என்றார்.

கைக்கு வந்ததை அள்ளி வந்தோம். என் வீட்டுக்காரி தபிதாள் அதைப் பழைய பாவாடைத் துணியில் வைத்துக் குல்லாய்போலத் தைத்துக் கொடுத்தாள். முன்பக்கம் குழந்தைச் சுருள், பின்பக்கம் யாரோ ஒரு கிழவியின் நரை. "அண்ணே, திரும்பாம நேரா நடங்க" என்று சொல்லியனுப்பினாள்.

துறைமுகத்தில் மேஜை போட்டு ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் தலையும் பளபளவென்று வழுக்கை. பாஸ்போர்ட்டைப் பிரித்து, போட்டோவைப் பார்த்து, ஆதிகேசவனைப் பார்த்து, "உனக்கு எத்தனை வயசு?" என்று கேட்கும்போதே கடற்காற்று ஒன்று அடித்தது. முடி கிளம்பியது. வரிசையில் நின்றவர்கள் ஐயோ என்றார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றி, அதிகாரியின் தலையில் போய் அளவெடுத்ததுபோல உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கப்பல்காரர் ஒருவர் வந்தார். அதிகாரியின் கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "மிஸ்டர் ஆதிகேசவன், நேரமாகிவிட்டது" என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அதிகாரி இங்கிலீஷில் கத்தினார். அக்கரை போய் வந்தவன், இங்கிலீஷ் வராதா என்ன என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆதிகேசவன் வாயைப் பிளந்து நின்றான். அவன் பாஸ்போர்ட் கப்பலேறிவிட்டது, அவன் ஏறவில்லை. சங்கு ஊதியது.

"போச்சு, ஜெபா. பாஞ்சாலி வந்து பாத்துட்டுப் பூடுவா" என்று அழுதான்.

மேஜைமேல் முத்திரை கிடந்தது. ஆதிகேசவன் அதையே பார்த்தான். குத்துவதற்குக் கையில் காகிதம் எதுவும் இல்லை. முத்திரையை மையில் ஒற்றி எடுத்துத் தன் மொட்டைத் தலை நடுவில் ஓங்கி ஒரு குத்துக் குத்திக்கொண்டான். ஏணியருகே நின்ற சிப்பாயிடம் தலையைக் குனிந்து காட்டினான். சிப்பாய் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, விறைப்பாக சலாம் வைத்து வழிவிட்டார்.

மீதியை ஆதிகேசவன் பினாங்கிலிருந்து எழுதினான். வழிநெடுகத் தலைக்குத் தண்ணீரே ஊற்றவில்லையாம், மை போய்விடும் என்று. பினாங்கில் இறங்கும் பலகை போட்டதும் முதலில் இறங்கியவர், சுருட்டை முடியும் ஆதிகேசவன் பாஸ்போர்ட்டுமாக அந்த அதிகாரி. பாஞ்சாலி கூட்டத்தின் முன்னால் நின்றிருக்கிறாள். ஆதிகேசவன் எங்கே என்று அவள் கேட்க, அங்கிருந்த காவலர் போட்டோவைக் காட்டி, "இவர்தாம்மா உன் புருஷன்" என்று அதிகாரியை அவள்முன் நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்த ஆதிகேசவனுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. ஆறு வருஷம், முடியில்லை, மீசையில்லை, உச்சந்தலையில் சர்க்கார் முத்திரை. எப்படி அடையாளம் தெரியும்?

பாஞ்சாலி அதிகாரியைத் தள்ளிவிட்டு நேரே இவனிடம் வந்தாள். மொட்டைத் தலையை முந்தானையால் அழுத்தித் துடைத்து, "இது இன்னா கறை? வா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

அவள் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை என்று எழுதியிருந்தான். நான் அதில் ஆச்சரியப்படவில்லை. பெண் கிடைத்ததற்கும் இதே வேண்டுதல்தான்; அவள் கழுத்தில் தாலி கட்டிய அன்றைக்கே ஆதிகேசவன் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது.