ஆன்லைனில் ஹேமந்த்

பாண்டுரங்கன் கிரேன் ஓட்டுகிறவர். தொழிற்சாலைக் கூரையை ஒட்டிய கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்கும் ஆபிரகாமின் கையைப் பார்த்துத்தான் எட்டு டன் இரும்பைத் தூக்குவார், இறக்குவார். வேறு யார் கத்தினாலும் காதில் வாங்கக் கூடாது. ஆபிரகாமின் கை சொல்வதே சட்டம். பதினோரு வருஷமாக அந்தக் கையும் இந்தக் கண்ணும் பிசகியதில்லை.

செவ்வாய்க்கிழமை பிசகியது.

ஆபிரகாம் முஷ்டியை மடக்கி உயர்த்தினான். நிறுத்து என்று அர்த்தம். பாண்டுரங்கனின் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் கை லீவரை இழுக்க இரண்டு விநாடி பிந்திவிட்டது. இரும்பு வீசிப்போய் ஒரு ஸ்டாண்டைச் சாய்த்துவிட்டுத் தரையில் கோணலாக உட்கார்ந்தது. ஆபிரகாம் பின்னால் தாவியிராவிட்டால் கால் போயிருக்கும்.

பாண்டுரங்கன் அடுத்த சைகைக்காக மணியடித்தார். ஆபிரகாம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மறுபடி மணியடித்தார். கை முன்னால் வரவில்லை. மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் ஏணியில் இறங்கி வந்தார்.

"இன்னாண்ணா, கண்ண தொறந்துகினே தூங்குறீங்களா?"

"நைட்டு சரியா தூக்கம் இல்லப்பா."

"ஏன், ஊட்ல கைக்கொழந்த அழுவுதா?"

ஆண்டர்சன்பேட்டை வீட்டில் அவர் ஒண்டி. மனைவி சௌந்தரம் இறந்து இரண்டு வருஷம். ஒரே மகன் ஹேமந்த் டொராண்டோவில்.

"இல்ல, ஃபோன பாத்துகினு இருப்பேன். ஒண்ணரை, ரெண்டு வரைக்கும். ஹேமந்த் ஆன்லைன்ல இருப்பான், அவனுக்கு அப்ப சாயங்காலம்."

"பேசுவீங்களா?"

"வேலையா இருப்பானேன்னு கூப்பிட மாட்டேன். ஆன்லைன்னு காட்டும். பாப்பேன்."

"வெறுமனே பாத்துகினு இருப்பீங்க. நம்ம கேட் வாட்ச்மேன்கூட பன்னண்டுக்கு மேல குறட்ட வுடறான்ணா." சிரித்த ஆபிரகாம் சட்டென்று நிறுத்தினான். "நீங்களே போய் மஞ்சுநாத் சார்கிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா கையும் காட்ட மாட்டேன். எனக்கும் புள்ளைங்க இருக்குது."

ஷிஃப்ட் பொறுப்பாளர் மஞ்சுநாத்திடம் பிரேக்கின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். பாண்டுரங்கன் உள்ளதைச் சொன்னார்.

"ஏழு நாள் ஸ்டோர்ல இருங்க" என்றார் அவர். "நல்லா தூங்கி எழுந்து வாங்க. டாக்டர் சரின்னா மேல ஏறலாம். இல்லன்னா ரிட்டயர் ஆகற வரைக்கும் கீழதான்."

கூண்டை விட்டால் பாண்டுரங்கனுக்கு வேறு பெருமை கிடையாது. ஃபோனை அணைத்துவிடுவது என்று தீர்மானித்தார். மகனிடம் சொல்லாமல் அணைத்தால் பயந்துவிடுவானே என்று அன்றைக்கே ராத்திரி பத்தரைக்கு, அங்கே மதியச் சாப்பாட்டு வேளையில், முதல் தடவையாக அவரே கூப்பிட்டார்.

"அப்பா? என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லடா. இனிமே நைட்ல ஃபோன ஆஃப் பண்ணிடுவேன். நீ தேடப்போறன்னு சொன்னேன்."

"நைட்லயா? நான் எதுக்குப்பா நைட்ல தேடப்போறேன்?"

"இல்ல, ஒண்ணரைக்கு ஆன்லைன்ல இருப்பியே, அதான்..."

"ஓ, அதுவா? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வாட்ஸப் தொறந்து கெடக்கும்பா, டீமுக்காக. நான் மீட்டிங்ல இருப்பேன். சரிப்பா, இப்பவும் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கெழம கூப்பிடறேன், ஓகேவா?"

"சரி சரி, வேலையப் பாரு."

ஃபோனை அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். படுத்ததும் தூங்கியும் போனார். ஆனால் பழகிய நேரத்துக்கு விழிப்புத் தட்டிவிட்டது. கை தானாகத் தலையணைக்கு அடியில் நுழைந்து வெறும் மெத்தையைத் தடவியது. இத்தனை நாளும் அந்த நேரத்தில் மகன் எதிரில் உட்கார்ந்திருப்பதாக ஒரு நினைப்பு இருந்தது. ஃபோன் வெளிச்சம் இல்லாமல் பார்த்தபோது அறையில் கட்டிலும் சுவரும்தான் இருந்தன.

எழுந்து தண்ணீர் குடித்தார். பீரோவின் பக்கம் போகவில்லை. திரும்ப வந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினார். நாலு.