பின்னால் வருகிற ஆள்

ஞானசுந்தரி ஒரு வாரம் முழுக்கப் பேசுகிற பேச்சை எழுதினால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். பால்காரரிடம் "அரை லிட்டர் போதும்." காய் வண்டிக்காரரிடம் "கொத்தமல்லி ரெண்டு கொசுறு போடுப்பா." கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரிடம் "இப்படி ஓரமா வை." அவ்வளவுதான். மிச்சம் இருக்கிற நேரமெல்லாம் வீட்டுக்குள் மின்விசிறிதான் பேசிக்கொண்டிருக்கும்.

முப்பத்து மூன்று வருஷம் கிராம நர்சாக இருந்தவள் அவள். உத்திரமேரூருக்குத் தெற்கே பதினாலு ஊர். எந்த ஊரிலும் "நர்சம்மா" என்று கதவைத் தட்டாத வீடு கிடையாது. கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. அமையவில்லையே என்று உட்கார்ந்து நினைக்கவும் அப்போது நேரம் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்தான் பார்த்தாள், கதவு தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஐம்பத்தொன்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழைய வெள்ளை மாருதி ஒன்றை வாங்கினாள். காலமெல்லாம் அடுத்தவர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பின்னால் உட்கார்ந்து போனவளுக்கு, ஸ்டீயரிங் தன் கையில் இருப்பது ஒரு தினுசான தெம்பாக இருந்தது. அந்தத் தெம்பில்தான் ஊரிலிருந்த கார் நண்பர்கள் குழுவில் சேர்ந்தாள்.

அந்தக் குழுவில் பதினொரு கார். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடி, வரிசையாகக் கிளம்பி, ஏதாவது ஒரு ஏரிக்கரைக்கோ கோயிலுக்கோ போய், கொண்டுபோன சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். தலைவர் டயர் கடை அரவிந்தன். அவர் வண்டி ஒன்றாம் நம்பர். யார் எப்போது சேர்ந்தார்களோ அந்த வரிசைப்படி நம்பர். அந்த நம்பர்படிதான் வண்டி போகவேண்டும். கடைசியாகச் சேர்ந்த ஞானசுந்தரிக்குப் பதினொன்று.

கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் அரவிந்தன் சட்டம் படிப்பார். பகலானாலும் முன் விளக்கு எரியவேண்டும், கண்ணாடியில் பார்த்தால் நம் ஆள் என்று தெரிவதற்கு. பெல்ட் போடவேண்டும். போன் கையில் இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. எந்தத் திருப்பம் வந்தாலும் ஓரம் கட்டி நின்று, பின்னால் வருகிற வண்டியின் விளக்கு கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் திரும்பவேண்டும்.

"உங்க பின்னாடி வர்ற ஆளு உங்க பொறுப்பு. அவ்ளோதான் சட்டம். மத்ததெல்லாம் சும்மா" என்பார்.

நல்ல சட்டம்தான். ஆனால் வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விளையாட்டு விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பிள்ளை பாட்டுக்கு நடக்கும். கடைசிப் பிள்ளை ஓடும். கார் வரிசையும் அப்படித்தான். ஒன்றாம் நம்பர் நாற்பதில் போனால், ஒவ்வொரு வேகத்தடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி நீண்டு, பதினோராம் நம்பர் அறுபதில் மிதித்தால்தான் எட்டிப் பிடிக்கலாம். கார் ஓட்டக் கடைசியில் கற்றவளைக் கடைசியில் விட்டிருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நம்பர் அப்படி அமைந்துபோனது.

போன மாதம் ஓரிக்கைக்குப் போனபோது அவளுக்கு முன்னால் போன பத்தாம் நம்பர் ஒரு திருப்பத்தில் நிற்கவில்லை. அது வசந்தகுமாரின் வண்டி. கோழிப்பண்ணைக்காரர், புது மாப்பிள்ளை. பக்கத்தில் மனைவி ஷீபா உட்கார்ந்திருந்தால் அவருக்குக் கண்ணாடி எங்கே ஞாபகம் வரும். ஞானசுந்தரி நேரே போய், வழி தப்பி, விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தபோது எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை எழுந்து ஒரு குண்டான் நிறையக் கிளறிக்கொண்டு போன புளிசாதம் திறக்காமலே வீட்டுக்கு வந்தது. இரண்டு நாள் அதையே சாப்பிட்டாள்.

அன்றைக்கு அரவிந்தன் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "நர்சம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா வண்டிய வூட்லயே வுட்டுட்டு வந்துடுங்க. யார் வண்டியிலனா ஏறிக்கலாம். பின் சீட்ல இடம் கீது."

தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் யாரோ ஒரு குடும்பத்தின் பின் சீட்டில், அவர்கள் பைக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே, தானும் ஒரு சாமான்போல் உட்கார்ந்து போவதை நினைத்தாள். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் "11" போய்விடும். மாதத்தில் ஒரு நாள் அவளையும் எண்ணிக்கையில் சேர்த்து எண்ணுகிறார்களே, அதுவும் போய்விடும். இந்த மாதம் என்ன ஆனாலும் வரிசையை விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

இந்த மாதம் தென்னேரி. காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். திருமுக்கூடல் போய், பாலாற்றுப் பாலம் ஏறி, வாலாஜாபாத் வழியாகப் போகவேண்டும். பின் சீட்டில் குண்டான் நிறையப் புளிசாதம். சாலவாக்கம் வரைக்கும் வசந்தகுமாரின் சிவப்பு வண்டி கண்ணில்தான் இருந்தது. பிறகு ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அது கடந்து முடிவதற்குள் சிவப்பு காணாமல் போயிற்று.

ஞானசுந்தரி மிதித்தாள். ஐம்பது. ஐம்பத்தைந்து. திருப்பத்துக்குத் திருப்பம், அங்கே நிற்கிறார்களோ என்று பார்த்தாள். யாரும் நிற்கவில்லை. அறுபது.

அறுவடைக் காலம். ஒரு வளைவு தாண்டியதும் சாலையின் இடது பாதி முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். வலது பாதியில்தான் வண்டி போகவேண்டும். அந்தப் பாதியில் எதிரே ஒரு பால் வேன் வந்தது. நின்று, வேனை விட்டு, பிறகு போயிருக்கலாம். எத்தனை நேரம், அரை நிமிஷம். ஆனால் அந்த அரை நிமிஷம் அவளிடம் இல்லை. நெல்லின் மேலேயே ஏற்றினாள்.

ஏற்றிய பிறகுதான், தூரத்தில் முதுகைக் காட்டிக் குனிந்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையைப் பார்த்தாள். பிரேக்கை அமுக்கினாள். தார்ச் சாலையில் காய்கிற நெல் இருக்கிறதே, அது சக்கரத்துக்கு அடியில் குண்டு மணி மாதிரி உருளும். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போயிற்று. ஸ்டீயரிங்கைத் திருப்பினாள், அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஓரத்துக் கல் ஒன்றில் மோதி, கண்ணாடி உடையும் சத்தத்தோடு வண்டி நின்றது. அந்தப் பெண்பிள்ளைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்தான் பாக்கி.

அவள் பெயர் பாஞ்சாலி என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவள் குரல்தான்.

"ஏம்மா! நெல்லு மேல ஏத்திக்கினு வர்றியே, கண்ணு இன்னா பொடனியிலயா கீது? நானு செத்திருந்தா யாரு என் வூட்டுக்குச் சொல்றது, நீயா?"

ஞானசுந்தரி கதவைத் திறந்து இறங்கினாள். எத்தனையோ பிரசவம் பார்த்த கை. இப்போது கதவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"தப்புதாம்மா. என் தப்புதான்" என்றாள்.

"முன்னாடி பத்து வண்டி பூடுச்சி. ஒருத்தனும் நெல்ல தொடல. ஒனுக்கு மட்டும் இன்னா அவுசரம்?"

"அவங்க கூடத்தான் போறேன். விட்டுட்டுப் போயிட்டாங்க. எட்டிப் பிடிக்கணும்னு..."

"புடிச்சி?"

ஞானசுந்தரி சிவப்பு வண்டி போன பக்கம் பார்த்தாள்.

வரப்போரத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி வண்டியைப் பார்த்தாள், ஒருத்தி பாஞ்சாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகல வுடு. கெளவி பயந்து கீது பாரு, தண்ணி குடு" என்றாள் பாஞ்சாலி. திட்டினவளே சொம்பை நீட்டினாள்.

தண்ணீர் குடிக்கும்போதுதான் ஞானசுந்தரியின் கண் கீழே போயிற்று. உடைந்த முன் விளக்கின் கண்ணாடி, சின்னச் சின்னதாக, நெல்லோடு நெல்லாகக் கிடந்தது. அந்த மூன்று பெண்களும் செருப்பில்லாத காலால்தான் நெல்லைத் துழாவவேண்டும்.

"நீ போம்மா. ஒன் ஆளுங்க தேடப்போறாங்க. நாங்க பொறுக்கிக்கிறோம்" என்றாள் பாஞ்சாலி.

போயிருக்கலாம். இப்போது கிளம்பினால் பாலத்துக்குள் எட்டிவிடலாம். ஞானசுந்தரி கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். புளிசாதக் குண்டானின் மூடியைத் தட்டாக வைத்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்தாள். "ஒரு முறம் குடுங்க" என்றாள்.

ஒவ்வொரு முறமாக அள்ளி, விரலால் பரப்பி, பளபளப்பதை எல்லாம் பொறுக்கி மூடியில் போட்டாள். வெயில் ஏறியது. கண்ணாடியும் நெல்லும் ஒரே மாதிரி மின்னின. மடியில் போன் கிடந்தது. அது அடிக்கும் அடிக்கும் என்று முதலில் நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள். ஒரு மணி நேரம் ஒருவரும் கூப்பிடவில்லை. வண்டிக் கண்ணாடியில் அவளைத் தேடியவர் யாருமில்லை என்று அதற்கு அர்த்தம்.

கடைசி முறத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுந்தாள். குண்டானைத் தூக்கி வந்து பெண்களுக்கு நடுவில் வைத்தாள்.

"நல்லா கீதும்மா ஒன் புளிசோறு. கைப்பக்குவம் கீது ஒனுக்கு, ஸ்டீயரிங்குலதான் இல்ல" என்றாள் பாஞ்சாலி. எல்லோரும் சிரித்தார்கள். ஞானசுந்தரியும் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அங்கேதான்.

ஷீபாவின் போன் பத்தரை மணிக்கு வந்தது. "ஆன்ட்டி, எங்க கீறீங்க? நாங்க சாப்ட்டாச்சே!"

தென்னேரிக் கரையில் எல்லாரும் ஏரியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றை விளக்கோடு வந்து நின்ற வண்டியைப் பார்த்து அரவிந்தன் முகம் மாறியது.

"இன்னா நர்சம்மா, லைட்டு இன்னா ஆச்சி?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வசந்தகுமார் முந்திக்கொண்டார். "ஜல்லி லாரி பின்னாடி வந்தீங்களா? அந்த ரோட்ல அது ஒரு பேஜாருண்ணா. கல்லு தெறிச்சி என் கண்ணாடியே ஒரு வாட்டி பூடுச்சி."

நல்ல பொய். யாரோ இஸ்திரி போட்டு மடித்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும்; பதினோராம் நம்பர் தப்பித்துவிடும். ஞானசுந்தரி வரிசையாக நின்ற பத்து வண்டியையும் பார்த்தாள். இதே வண்டிகள் இதே சாலையில்தான் சாயங்காலம் திரும்பவேண்டும். அங்கே பாஞ்சாலி குனிந்திருப்பாள். யாராவது ஒருவர் வரிசையில் பின்தங்குவார்.

"லாரி இல்ல" என்றாள். "நெல்லு மேல ஏத்திட்டேன். உங்களப் பிடிக்கணும்னு அறுபதுல வந்தேன். பிரேக் பிடிக்கல. ஒரு பொம்பள மேல மோதியிருப்பேன். ஒரு முழத்துல நின்னுது."

படம் எடுத்துக்கொண்டிருந்த கைகள் இறங்கின. வசந்தகுமார் கரை மண்ணைச் செருப்பால் சீய்த்துக்கொண்டிருந்தார். ஷீபா அவரைப் பார்த்தாள். "திருப்பத்துல நின்னீங்களா நீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

அரவிந்தன், "சரி. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' எதைப் பற்றியது என்று ஞானசுந்தரிக்குத் தெரியும். ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் கேட்ட சொல் அது.

திரும்பும்போது அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. "மெதுவா முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். முப்பதிலேயே போனாள். வாலாஜாபாத் வந்தது, பாலம் வந்தது, பாலாற்றின் மணல் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து சீட்டில் மூடிக்குள் கண்ணாடித் தூள் கிலுகிலுத்தது. குண்டான் காலி.

நெல் காய்கிற இடத்துக்கு வந்தபோது வேகத்தை இருபதுக்குக் குறைத்தாள். இப்போது நெல் வலது பக்கம்; இடது பாதியில் மெல்ல ஊர்ந்தாள். அப்போது கண்ணாடியில் ஒரு விளக்கு தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வளைவில் எண்ண முடிந்தது, பத்து வண்டி. இந்தப் பாதியில் முந்த இடமில்லை. அவள் இருபதில் போனால் அவர்களும் இருபது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. நெல்லுக்கு நடுவில் நிமிர்ந்த பாஞ்சாலி இந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த நெல் தள்ளுகிற பலகையை உயர்த்திக் காட்டினாள்.

அந்த அரை மைலுக்கு அவள் முதல் வண்டி.

நெல் முடிந்தது. சாலை விரிந்தது. ஒவ்வொன்றாக முந்திப் போனார்கள். அரவிந்தன் கையசைத்தார். ஒரு குழந்தை பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போயிற்று. கடைசியாகச் சிவப்பு வண்டியும் போயிற்று. கண்ணாடியில் மறுபடி வெறும் சாலை, அதன் மேல் மாலை வெயில். ஞானசுந்தரிக்குக் கால் ஆக்சிலரேட்டர் மிதியின் மேல் ஒரு நிமிஷம் துடித்தது. காலை எடுத்துக்கொண்டாள்.

உத்திரமேரூருக்குத் திரும்புகிற முனையில், புளியமரத்தடியில், ஒரு வண்டி ஓரம் கட்டி நின்றிருந்தது. பக்கவிளக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. சிவப்பு வண்டி. உள்ளே வசந்தகுமார் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றை விளக்கு அதில் தெரிந்திருக்க வேண்டும். வண்டி நகர்ந்து திரும்பியது.

அவளும் திரும்பினாள். சிவப்பு தூரத்தில் சின்னதாகப் போயிற்று, மறைந்தும் போயிற்று. அடுத்த மாதம் தன் நம்பர் இருக்குமா இருக்காதா, அவளுக்குத் தெரியாது.

அடுத்த திருப்பத்திலும் சிவப்பு வண்டி நின்றிருந்தது. ஞானசுந்தரி வேகத்தைக் கூட்டவில்லை. முப்பதிலேயே போனாள்.