தயிர் மிஞ்சிய கிஷ்க்

இன்ஸாஃபுக்குக் கோபம் வந்தால் கை அளவை மறந்துவிடும். இந்தத் தடவை மறந்தது, குளிர்காலக் கஞ்சிக்காகக் கோதுமை நொய்யைத் தயிரில் புளிக்கவைத்துக் காயவைக்கும் கிஷ்க் பொடி போடும்போது.

எல்லாம் நாத்தனார் நஜ்லாவால் வந்த வினை. போன குளிர்காலத்தில் ஒரு கல்யாண வீட்டில், அத்தனை பெண்கள் நடுவே, "எங்க அண்ணி போடுற கிஷ்க்ல கோதுமை நொய்தான் இருக்கும், தயிரைத் தேடணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். ஆடு வளர்க்கிற வீட்டுக்காரியைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது! அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அதனால் இந்த வருஷம் வீம்புக்கென்றே தயிரைக் கொட்டினாள். நொய்யை ஊறப்போட்டு உப்பிட்ட நாளிலிருந்து, காலையில் பிசையும்போதெல்லாம் ஆட்டுத்தயிர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். மாவு புளித்து மணத்தது. மொட்டைமாடியில் வெள்ளைத்துணி விரித்து, கிள்ளிக் கிள்ளிக் காயவைத்தாள்.

அரை ஈரத்தில் உள்ளங்கையால் தேய்த்துப் பொடியாக்க வேண்டும். இது பொடியவில்லை, பசையாக ஒட்டியது. சன்னீன் மலைப்பக்கம் மேகம் வேறு திரண்டது. இன்றைக்குக் காயாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். பனி கொட்டுகிற காலையில் பிள்ளைகளுக்கு என்னத்தைக் காய்ச்சி ஊற்றுவது? வழக்கமாகத் தேய்க்க வரும் அக்கம்பக்கத்துப் பெண்களையும், அவர்களோடு நஜ்லாவும் வந்துவிடுவாள் என்று இந்த வருஷம் கூப்பிடவில்லை.

நஜ்லாவே படியேறி வந்தாள், இடுப்பில் ஒரு தட்டு நிறையப் பொடிநொய்யோடு.

"இங்க என்னடி வேலை உனக்கு?"

"எங்க மாடியிலேருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். கிஷ்க் தேய்க்கிறியா, சுவத்துக்குப் பூசுறியா அண்ணி?"

"நீயே நொய்யைப் போட்டுட்டு, நாளைக்கு நொய்தான் இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லுவே."

"சொல்லத்தான் போறேன். நகந்து உக்காரு."

நொய்யைத் தூவித் தூவி இருவரும் தேய்த்தார்கள். மெல்ல மெல்ல ஒட்டல் விட்டது. சலித்துச் சலித்துப் பரப்பினார்கள். மேகம் மலையைத் தாண்டவில்லை. வெயில் சாய்வதற்குள் துணி முழுக்கப் பொடி உலர்ந்து கிடந்தது.

"அவ்வளவு வாய் பேசினவ, ஏன்டி வந்தே?"

நஜ்லா தலை நிமிரவில்லை. "குளிர்னா உன் வீட்டுக் கஞ்சி குடிச்சே பழகிட்டேன். இந்த வருஷமும் தனியா உக்காந்து குடிக்கணுமோன்னு பயமா இருந்துச்சு அண்ணி."

"வராம இருந்து பாரு, பானையோட தூக்கிட்டு வந்து உன் வாயில ஊத்துறேன்" என்று அதட்டினாள் இன்ஸாஃப். அதட்டும்போதே அழுதுவிட்டாள்.