ஒரு வாய்த் தண்ணீர்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தாமரை அப்பாவின் உதட்டில் ஒற்றியபோது, வேலாயுதம் அதைப் பல்லால் கவ்விக்கொண்டு உறிஞ்சினார். தாடையை அழுத்தித்தான் அவள் பஞ்சை வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

"ஒரு வாய் குடும்மா."

"கூடாதுப்பா. டாக்டர் சொல்லிட்டாங்கல்ல."

பக்கவாதம் வந்து மூன்று வாரம். விழுங்கும் சக்தி போய்விட்டது, வாய்வழியாக ஒரு சொட்டு போனாலும் நுரையீரலில் இறங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, மூக்கில் குழாயோடு கிள்ளான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முப்பது வருஷம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். இப்போது மகளிடம் கெஞ்சினார். பிறகு வைதார்.

மத்தியானம் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள். அவளைக் கண்டதும் அவர் குரல் தெளிந்தது.

"தனம், இவ எனக்குத் தண்ணி குடுக்க மாட்டேங்கிறா. நீயாச்சும் குடு."

"கொஞ்சூண்டு குடுத்தா என்னம்மா?"

"நிமோனியா வந்துரும் ஆன்டி. அப்ப நீங்க வந்து பாப்பீங்களா?"

தனலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வேலாயுதம் மகளை வெறித்தார்.

"உனக்கும் இப்படித்தான்டி வரும். நாக்கு வறண்டு கெடப்ப. அன்னைக்கு உனக்கு யாரும் குடுக்கக்கூடாது."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. நான்கு மணிக்கு, விரிப்பை மாற்ற அலமாரியைத் திறந்தவள் திரும்புவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் ஆஸ்பத்திரித் தாதிக்குப் பதில், ஐந்து மணிக்குப் புதிதாக ஒரு தாதி வந்தாள். குழாயைக் கழற்றினாள். வெடித்திருந்த உதடுகளைப் பார்த்தாள்.

"தண்ணி கேட்டாரா அக்கா?"

"கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு. கூடாதுன்னு சொன்னாங்களே."

"அது பொழைக்கிறவங்களுக்குலா. கடைசி ஸ்டேஜ்ல ஆசைப்பட்டா குடுத்துரலாம். ஐஸ்கிரீம்கூட குடுப்போம்." தாதி கையுறையை உருவினாள். "ஒங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

தாமரை இல்லை என்று தலையசைத்தாள்.

மறுநாள் காலை தம்பி குகன் ஜொகூரிலிருந்து வந்தான். மூன்று வாரத்தில் ஒருமுறைகூட வராதவன். காலணியைக் கழற்றுவதற்குள் தனலெட்சுமி அவன் காதில் போட்டுவிட்டாள். அவன் நேராக அக்காவிடம் வந்தான்.

"தண்ணிகூட குடுக்கலையாமேக்கா?"

வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம். நேற்று, தாதி வருவதற்கு முன் அவன் கேட்டிருந்தால் அதைச் சத்தமாகவே சொல்லியிருப்பாள்.

வழியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கிவந்த கங்கைத் தண்ணீர்ச் செம்பின் மூடியைக் குகன் உடைத்தான்.

"நல்லா ஊத்துங்க தம்பி. தாகத்தோட போகக்கூடாது," என்றார் காரியம் செய்பவர்.

தண்ணீர் அப்பாவின் பல்லில் பட்டு, கடைவாயில் வழிந்து, புதுச் சட்டையின் காலருக்குள் இறங்கியது. குகன் குலுங்கி அழுதான். யாரோ அவனை அணைத்துக்கொண்டார்கள். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து ஊற்றினார்கள்.

"மக வாம்மா."

தாமரை கரண்டியில் எடுத்தாள். இடது கையை அப்பாவின் பிடரிக்கு அடியில் கொடுத்து, புரை ஏறிவிடாமல் இருக்கத் தலையைச் சற்றுத் தூக்கப் பார்த்தாள். கழுத்து விறைத்திருந்தது.

"அப்படியே ஊத்தும்மா. நேரமாகுது."

அவள் கரண்டியைச் சாய்க்காமல், இன்னொரு முறை தூக்கிப் பார்த்தாள்.